திருநீறும் உலர் திராட்சையும்

உள்ளங்கையில் ஓர் உலர் திராட்சையை வைக்கிறார்கள். உடனே வாயில் போட்டுவிடக் கூடாது. முதலில் பார்க்க வேண்டும்: சுருக்கங்களில் எங்கே வெளிச்சம் விழுகிறது, எங்கே கருத்திருக்கிறது, காம்பு இருந்த இடம் எது. பிறகு காதருகே கொண்டுபோய் விரலிடுக்கில் உருட்டிக் கேட்க வேண்டும். முகர வேண்டும். உதட்டை நெருங்கும்போதே வாயில் எச்சில் ஊறுவது தெரியும். நாக்கின் மேல் வைத்துக் கடிக்காமல் கொஞ்ச நேரம். அப்புறம் ஒரே ஒரு கடி. விழுங்கத் தோன்றுவதை, விழுங்குவதற்கு முன்பே கவனித்துவிட வேண்டும். ஒரு திராட்சை தின்று முடியச் சில நிமிடங்கள் ஆகிவிடும்.

'மைண்ட்ஃபுல்னஸ்' என்று இன்று உலகமெங்கும் பேசப்படும் எட்டு வாரப் பயிற்சியின் முதல் வகுப்பு இது. 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வூஸ்டர் நகரத்துப் பல்கலைக்கழக மருத்துவமனையில் இதைத் தொடங்கியவர் ஜான் கபட்-ஜின். மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் பெற்றவர், ஜென் பயின்றவர், விபாசனா முகாம்களில் உட்கார்ந்தவர். மருந்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் அடங்காத நாள்பட்ட வலியோடு வந்தவர்களுக்குத் தியானம் சொல்லித்தர நினைத்தார். புத்தர் பெயரைச் சொன்னால் பாதிப் பேர் வரமாட்டார்கள், மருத்துவமனையும் ஏற்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் பெயரை விட்டார், சடங்கை விட்டார், மறுபிறவியை விட்டார். மூச்சையும் உடம்பையும் கவனிக்கும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

ஆன்மீகத்துக்கும் நவீன உளவியலுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டிருக்கிறது. அதில் பெரும்பகுதி, நம் முன்னோர் அன்றே சொன்னதை மேலைநாட்டார் இன்று கண்டுபிடித்திருக்கிறார்கள் என்ற பெருமிதமாக இருக்கும்; அல்லது ஆன்மீகம் எல்லாமே மன மயக்கம் என்ற எரிச்சலாக இருக்கும். எனக்கு இரண்டிலும் மனம் ஒட்டவில்லை. ஒரு மரபிலிருந்து இன்னொரு துறைக்குப் போனது எது, வழியில் இறக்கி வைக்கப்பட்டது எது, இறக்கி வைத்ததை நோயாளி எங்கே தேடுகிறார் என்று பார்ப்பதுதான் பயன் தரும் என்று நினைக்கிறேன்.

இந்தப் போக்குவரத்து நூற்றிருபது ஆண்டுக்கும் மேல் பழையது. உளவியலை ஆய்வுத் துறையாக நிலைநிறுத்தியவர்களில் ஒருவரான வில்லியம் ஜேம்ஸ், 1896இல் ஹார்வர்டுக்கு வந்த விவேகானந்தரைச் சந்தித்தார். எடின்பரோவில் 1901, 1902இல் அவர் நடத்திய சொற்பொழிவுகள் சமய அனுபவத்தின் பல வகைகளைப் பற்றிய பெரிய நூலாக வந்தன. விவேகானந்தரின் ராஜயோக நூலை அதில் எடுத்துக்காட்டுகிறார். ஜேம்ஸ் வகுத்த ஒரு நெறி இன்றைக்கும் நமக்குத் தேவைப்படுகிறது. ஒருவருக்குக் கிடைத்த தரிசனம் நரம்புக் கோளாறிலிருந்து முளைத்ததா, கடவுளிடமிருந்து வந்ததா என்று வேரைத் தோண்டிக்கொண்டிருந்தால் வழக்குத் தீராது. அந்த அனுபவத்துக்குப் பிறகு அவர் எப்படி வாழ்ந்தார், கூட இருப்பவர்களுக்கு எப்படிப்பட்டவராக ஆனார் என்ற கனியைப் பார்க்க வேண்டும் என்றார். நம் ஊரில் சாமியாடியையும் சாமியாரையும் கிராமத்துப் பெரியவர்கள் எடைபோட்டது ஏறக்குறைய இப்படித்தான்.

ஃபிராய்டு வேறு பக்கம் நின்றார். மதம் குழந்தைப் பருவத்து ஆசையின் நீட்சி என்று 1927இல் எழுதினார். அதைப் படித்த பிரெஞ்சு எழுத்தாளர் ரொமெய்ன் ரோலந்து, ராமகிருஷ்ணரின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவதற்கான வேலையில் இருந்தவர், அதே ஆண்டு டிசம்பரில் அவருக்கு ஒரு கடிதம் போட்டார்: மதக் கொள்கை இருக்கட்டும், எல்லையில்லாத ஒன்றோடு கரைந்து நிற்கிற அந்தக் கடல் போன்ற உணர்வை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். ஃபிராய்டு அந்தக் கேள்வியோடு வெகுநாள் மல்லுக்கட்டியிருக்கிறார். 1930இல் வந்த அவருடைய அடுத்த நூலே அதில்தான் தொடங்குகிறது. அப்படி ஓர் உணர்வை என்னுள் காண முடியவில்லை என்று ஒத்துக்கொண்டு, தாய்மடியில் கிடக்கும் சிசுவுக்குத் தான், பிறர் என்ற பிரிவு தெரியாத நிலையின் எச்சம் அது என்று விளக்கம் தந்தார். விளக்கம் சரியோ தவறோ, தனக்கு வாய்க்காத ஓர் அனுபவத்தை அவர் பொய் என்று சொல்லவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

கல்கத்தாவில் 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸ், ஃபிராய்டோடு பல ஆண்டுகள் கடிதத்தில் விவாதித்தவர். கீதையும் பதஞ்சலியும் படித்த மருத்துவர். ஓர் ஆசை எழும்போதே அதன் எதிர் ஆசையும் உள்ளே எழுகிறது, அடிக்க விரும்புகிறவனுக்குள் அடிபட விரும்புகிறவனும் இருக்கிறான் என்பது அவருடைய கோட்பாடு. ஐரோப்பிய நோயாளிகளிடம் ஃபிராய்டு கண்டதெல்லாம் தம்முடைய நோயாளிகளிடம் அப்படியே இல்லை என்றும் அவர் எழுதிப் பார்த்தார். ஃபிராய்டு மரியாதையோடு கேட்டுக்கொண்டாரே தவிர மாறவில்லை. 1931இல் ஃபிராய்டின் 75ஆம் பிறந்தநாளுக்குக் கல்கத்தாக் கழகம் தந்தத்தில் செதுக்கிய ஒரு விஷ்ணு சிலையை அனுப்பியது. மதத்தை மறுத்த அந்த மனிதர் அதைத் தம் எழுதுமேசையிலேயே வைத்துக்கொண்டார்.

சுவிட்சர்லாந்து உளவியலர் யுங்கின் கதை தமிழ்நாட்டின் எல்லை வரை வருகிறது. 1932இல் குண்டலினி யோகத்தைப் பற்றி சூரிச்சில் வகுப்பெடுத்தவர், 1937 கடைசியில் இந்திய அறிவியல் மாநாட்டின் வெள்ளிவிழாவுக்காக இந்தியா வந்தார். ஊர் ஊராகச் சுற்றினார். கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பு வந்து மருத்துவமனையில் கிடந்தார். தெற்கேயும் வந்தார். ஆனால் திருவண்ணாமலைக்கு வரவில்லை. ரமணர் அப்போது ஆசிரமத்தில் இருக்கிறார். பால் பிரண்டனின் புத்தகம் 1934இல் வெளிவந்து ஐரோப்பியர் பலர் தேடி வந்துகொண்டிருந்த காலம். ஏன் போகவில்லை என்று யுங்கே பின்னாளில், ரமணரைப் பற்றி ஹைன்ரிஷ் ஸிம்மர் எழுதிய நூலுக்கு முன்னுரை தரும்போது சொல்கிறார். அந்த நூல் வெளிவந்தது 1944இல். மகான்களைப் பார்ப்பதைக் காட்டிலும், திருவனந்தபுரத்தில் தாம் சந்தித்த ரமணரின் சீடர் ஒருவர்தான் தமக்கு முக்கியமானவராகப் பட்டார் என்கிறார். அந்தச் சீடர், யுங்கின் சொல்லில், ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியரின் நிலையில் இருந்தவர். எளிய மனிதர். பிள்ளைகுட்டி நிறைய. குடும்பப் பாரத்தையும் சுமந்துகொண்டு, குரு காட்டிய வழியிலும் நடந்துகொண்டிருந்தவர்.

யுங் திருவண்ணாமலைக்குப் போகாததற்காக அவரைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சீடரே போதும் என்று தோன்றுகிறது. ஆன்மீகமும் உளவியலும் சந்திக்க வேண்டிய இடம் குகையும் ஆய்வுக்கூடமும் மட்டும்தானா? சம்பளம் போதாத, பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிற, மனைவியோடு மனத்தாங்கல் வருகிற வீட்டில் ஒருவர் நிதானம் இழக்காமல் எப்படி இருக்கிறார் என்பதைத்தான் இரண்டும் விளக்கியாக வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் ஆழமான ஒரு வேறுபாடு இருக்கிறது. அதை மழுப்பிவிட்டு எழுதப்படும் ஒற்றுமைப் பட்டியல்களில் எனக்கு நம்பிக்கையில்லை. நம் மரபில் மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்று அந்தக்கரணம் நான்கு. இவை நான்கும் கருவிகள். நான் இவையல்ல என்பது சைவ சித்தாந்தத்துக்கும் வேதாந்தத்துக்கும் பொதுவான தொடக்கம். சித்தாந்தம் ஆணவத்தை மும்மலங்களில் முதலாவதாக வைக்கிறது. 'நான்' என்ற முனைப்பே கட்டு. உளவியலோ அந்த 'நான்' சரியாக உருவாகாவிட்டால் மனிதன் உடைந்துபோவான் என்கிறது. தாயின் அரவணைப்பில், பள்ளியில், நட்பில், வேலையில் அது திடப்பட வேண்டும். சிகிச்சை என்பதே சிதறிய 'நானை' ஒட்டவைக்கும் வேலை. 1902 வாக்கில் விருபாட்ச குகையில், மௌனத்தில் இருந்த இளம் ரமணரிடம் சிவப்பிரகாசம் பிள்ளை கேள்விகளை வைத்து எழுத்தில் பதில் பெற்றாரே, அதன் முதல் கேள்வியே நான் யார் என்பது. ஆலோசகர் அறையில் உட்காரும் ஒருவர் கேட்பதும் ஏறத்தாழ அதே சொற்கள்தான். அவருக்குத் தேவைப்படும் பதில் வேறு.

இந்த முடிச்சை நன்றாக அவிழ்த்தவர் ஜாக் எங்லர் என்ற அமெரிக்க உளவியலர். கல்கத்தாவில் தீபா மா என்ற பௌத்த ஆசிரியையிடம் தியானம் கற்றவர். முதலில் யாரோ ஒருவராக இருந்தால்தான் பிறகு யாருமற்றவராக ஆக முடியும் என்ற கருத்தை 1980களில் அவர் முன்வைத்தார். தன்மீது மதிப்பே இல்லாத இளைஞன் ஒருவன் 'நான் என்பதே மாயை' என்ற உபதேசத்தைக் கேட்டு ஆறுதல் அடைகிறான் என்றால், அந்த ஆறுதலைச் சந்தேகிக்க வேண்டும். அவன் தாண்டிப் போகவில்லை, ஒளிந்துகொள்கிறான். ஜான் வெல்வுட் என்ற இன்னொரு சிகிச்சையாளர் 1984இல் இதற்கு ஒரு பெயரும் வைத்தார். ஆன்மீகத்தைக் குறுக்குவழியாக்கி மனக்காயத்தைச் சுற்றிக்கொண்டு போவது என்று அதைச் சொல்லலாம். கணவனின் அடியைக் 'கர்ம வினை' என்று பொறுத்துக்கொள்ளச் சொல்லப்படும் பெண்களை அறிந்தவர்களுக்கு அந்தப் பெயருக்கு விளக்கவுரை தேவையில்லை.

சரி, மரபிலிருந்து எடுத்துச் சென்றது வேலை செய்கிறதா? இதற்குப் பதில் சொல்ல இப்போது போதிய ஆய்வுகள் இருக்கின்றன.

மனச்சோர்வு நோய்க்கு ஒரு கொடிய குணம் உண்டு: குணமான பிறகும் திரும்பி வரும். மூன்று தடவை வந்தவருக்கு நான்காவது தடவை வரும் வாய்ப்பு அதிகம். டீஸ்டேல், செகல், வில்லியம்ஸ் என்ற மூவர், கபட்-ஜின்னின் பயிற்சியையும் எண்ணங்களை ஆராய்ந்து திருத்தும் சிகிச்சை முறையையும் சேர்த்து ஒரு வகுப்பை உருவாக்கி, 145 பேரிடம் சோதித்துப் பார்த்து 2000இல் வெளியிட்டார்கள். மூன்று முறையோ அதற்கு மேலோ நோய் கண்டவர்களில், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 66 சதவீதம் நோய் திரும்பியது. பயிற்சி பெற்றவர்களுக்கு 37 சதவீதம். இரண்டே முறை நோய் கண்டவர்களுக்கு இந்தப் பலன் கிடைக்கவில்லை. 2015இல் லான்செட் இதழில் வந்த பெரிய ஆய்வு 424 பேரை எடுத்துக்கொண்டது. பயிற்சி எடுத்தவர்களில் 44 சதவீதம், மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 47 சதவீதம் பேருக்கு இரண்டு ஆண்டுக்குள் நோய் திரும்பியது. மாத்திரையை விடச் சிறந்தது என்று இதற்குப் பொருளில்லை. ஏறத்தாழ அதற்குச் சமமாக நிற்கிறது என்று பொருள்.

எப்படி வேலை செய்கிறது என்பதுதான் சுவையான பகுதி. மனச்சோர்வில் இருப்பவர் ஓர் எண்ணத்தை மாடு அசைபோடுவது போல அசைபோடுகிறார். 'நான் உதவாக்கரை', 'எனக்கு எதுவும் சரிவராது' என்று அதே நான்கு வாக்கியங்கள். பழைய சிகிச்சை முறை அந்த வாக்கியத்தோடு வழக்காடும்: உண்மையா, ஆதாரம் என்ன, எதிர் ஆதாரம் என்ன என்று கேட்கும். புதிய முறை வழக்காடுவதில்லை. 'நான் உதவாக்கரை' என்பதற்கும், '"நான் உதவாக்கரை" என்று ஓர் எண்ணம் வந்து நிற்கிறது' என்பதற்கும் நடுவில் ஓரடி இடைவெளி இருக்கிறது. அந்த ஓரடியில் நிற்கப் பழக்குகிறது. வந்த எண்ணத்துக்குப் பாய் போட்டு உட்காரவைக்காமல், விரட்டவும் செய்யாமல், வந்தது, இருந்தது, போனது என்று பார்ப்பது. முண்டக உபநிடதத்தில் ஒரே மரத்தில் இரண்டு பறவைகள் வரும். ஒன்று பழத்தைத் தின்னும், மற்றது தின்னாமல் பார்த்துக்கொண்டிருக்கும். சாட்சி என்று நம் மரபு அழைத்த நிலையின் சிறு துண்டு ஒன்று இங்கே மருந்தாகியிருக்கிறது. சிறு துண்டுதான். உபநிடதம் அந்தப் பார்க்கும் பறவையை இறுதி உண்மை நோக்கிக் கொண்டுபோகிறது. சிகிச்சையோ திங்கட்கிழமை காலை எழுந்து வேலைக்குப் போகிற அளவுக்கு அது உதவினால் போதும் என்று நிற்கிறது. நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் திங்கட்கிழமை காலை சின்ன விஷயம் இல்லை.

இந்தியாவிலும் இந்தச் சோதனை புதிதில்லை. 1961இல் டெல்லி எய்ம்ஸில் பி. கே. ஆனந்த் குழுவினர் ராமானந்த யோகி என்பவரைக் காற்றுப்புகாத பெட்டியில் உட்காரவைத்து, அவர் செலவிடும் ஆக்சிஜன் குறைவதை அளந்தார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸில் 2000இல் வெளியான ஓர் ஆய்வு கடுமையான மனச்சோர்வு கொண்ட 45 பேரை மூன்று குழுவாகப் பிரித்தது. மின்னதிர்வு சிகிச்சையில் 93 சதவீதம், இமிப்ரமின் மாத்திரையில் 73 சதவீதம், சுதர்சனக் கிரியை என்ற மூச்சுப் பயிற்சியில் 67 சதவீதம் பேர் நான்கு வாரத்தில் தேறினார்கள். குழுவுக்குப் பதினைந்து பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. மேடையில் இந்த எண்ணைச் சொல்பவர்கள் கடைசிக் குழுவை மட்டும் சொல்லிவிட்டு முதல் குழுவை விட்டுவிடுவது நோயாளிக்குச் செய்யும் துரோகம்.

பலன் தராத இடங்களும் உண்டு. பிரிட்டனில் 8,000க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் நடந்து 2022இல் முடிவு வெளியான ஆய்வில், வகுப்பறை மைண்ட்ஃபுல்னஸ் பாடம் வழக்கமான பாடத்தை விட மன நலத்துக்குக் கூடுதலாக எதையும் தரவில்லை. பிள்ளைகள் பெரும்பாலோர் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. தேடி வந்தவருக்குக் கொடுப்பதும், வரிசையில் உட்காரவைத்துக் கொடுப்பதும் ஒன்றாகாது என்பது எந்தக் குருவுக்கும் தெரிந்த விஷயம்.

தீங்கும் நேரலாம். 2017இல் ஜாரட் லிண்டால், வில்லோபி பிரிட்டன் குழுவினர் மேற்கத்திய பௌத்தத் தியானிகள் 60 பேரிடம் விரிவாகப் பேசி எழுதினார்கள்: அச்சம், தூக்கமின்மை, தான் என்ற உணர்வே கழன்றுபோன திகைப்பு. சிலருக்கு இவை ஆண்டுக்கணக்கில் நீடித்தன. பழைய மரபுகள் இதை அறிந்தே இருந்தன. குரு பக்கத்தில் இல்லாமல் பிராணாயாமம் செய்யாதே என்ற எச்சரிக்கைக்குக் காரணம் இருந்தது. பயிற்சி செயலிக்குள் போனபோது அந்த எச்சரிக்கை கூடப் போகவில்லை.

தமிழில் 'பித்து' என்ற சொல் இரண்டு பக்கமும் கதவுள்ள வீடு. சிவனையே பித்தன் என்று அழைத்த மரபு நம்முடையது. காரைக்காலம்மையார் தம்மைப் பேய் என்று சொல்லிக்கொண்டார். பித்தன் என்ற அதே சொல்தான் தெருவில் கிழிந்த ஆடையோடு அலைபவரையும் குறிக்கிறது. சித்த மருத்துவமோ மனநோயைக் 'கிரிகை' என்று தனியே பெயரிட்டு, வகை பிரித்து, மருந்தும் சொன்னது. அருளையும் நோயையும் ஒரே சொல்லில் வைத்தவர்களே மருத்துவத்தில் பிரித்தும் பார்த்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடு 1994ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் 'சமய அல்லது ஆன்மீகச் சிக்கல்' என்பதை நோயல்லாத தனி வகையாகச் சேர்த்தது.

பிரித்துப் பார்க்கத் தவறினால் என்ன ஆகும் என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன். பெரியம்மா மகள், எனக்கு அக்கா. மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, நன்றாகத்தான் இருந்தாள். 48 நாள் விரதம் ஒன்று தொடங்கியபோது, உடம்பில் மருந்து இருந்தால் விரதம் சுத்தமாகாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிட்டாள். முதலில் போனது தூக்கம். விடிய விடிய நாமம் எழுதினாள். பக்தி முற்றுகிறது என்று வீட்டில் எல்லோரும், நான் உட்பட, மகிழ்ந்தோம். மூன்றாம் வாரத்தில் சமையலறைச் சுவரிலிருந்து குரல் கேட்கிறது என்றாள். பிள்ளைகளின் சாப்பாட்டைக் கொட்டினாள். மீண்டும் பழைய நிலைக்கு வர ஐந்து மாதம் ஆயிற்று. அவளுக்கு மருத்துவம் பார்த்த அம்மையார் விரதத்தைத் திட்டவில்லை. "உங்க பூஜை மாடத்துல திருநீற்று மடல் இருக்கும்ல, அதுக்குப் பக்கத்துல மாத்திரை டப்பாவ வச்சிருங்கம்மா. திருநீறு பூசுனதும் மாத்திரை" என்றார். அக்கா இன்றுவரை அப்படியே செய்கிறாள். ஒரு வேளைகூடத் தவறியதில்லை.

அந்த மருத்துவர் செய்ததை ஏடுகளில் தேடினால் ஒரு வம்சாவளியே கிடைக்கும். அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் என்ற மருத்துவர், 1950களில் நோயாளியோடு குடும்பத்தையும் வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். மாலையில் எல்லோரையும் கூட்டிப் புராணக் கதைகளின் வழியே நோயைப் பற்றிப் பேசினார். மனநல மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான ஜே. எஸ். நேகி, குரு-சீடர் உறவு சிகிச்சைக்கு ஒரு முன்மாதிரியாகலாம் என்று 1973இல் எழுதினார். மேற்கத்திய ஆலோசகர் எட்ட நின்று, முடிவை உன்னிடமே விடுகிறேன் என்பார். நம் ஊர் நோயாளி, நீங்களே ஒரு வழி சொல்லுங்கள் என்று வருகிறார். அந்த எதிர்பார்ப்பைப் பலவீனம் என்று ஒதுக்காமல், அதிலிருந்து தொடங்கி அவரைச் சொந்தக் காலில் நிற்கவைக்க முடியும் என்பது நேகியின் வாதம். இதில் ஆபத்தும் இருக்கிறது. சிகிச்சையாளருக்கு நெறிமுறை உண்டு, மீறினால் முறையிட இடம் உண்டு. குருவுக்கு அப்படி எதுவும் கிடையாது. சரணடைந்த மனம் எவ்வளவு எளிதில் சுரண்டப்படும் என்பதற்கு நீதிமன்றப் பதிவுகளே சாட்சி.

திராட்சைப் பயிற்சி இறக்கி வைத்துவிட்டுப் போன மூட்டையில் முதன்மையானது உறவு. அதன் மருத்துவ மதிப்பைக் காட்டும் ஆய்வு ஒன்று தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. ஆர். ரகுராம் குழுவினர் 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் முத்துசாமி கோவில். மனநோயாளிகள் துணைக்கு ஒருவரோடு வந்து வாரக்கணக்கில் தங்கும் இடம். அப்படித் தங்கிய 31 பேரை ஆய்வாளர்கள் வந்த நாளிலும் கிளம்பும் நாளிலும் சோதித்தார்கள். நோய்க்குறிகளின் அளவு ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. சில மருந்துகள் தரும் பலனோடு ஒப்பிடத்தக்க அளவு. பேயோட்டுதல் இல்லை, தனிச் சடங்கு எதுவும் இல்லை. காலையில் பூசையில் நிற்பார்கள், கோவில் வளாகத்தைக் கூட்டுவார்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். யாரும் அவர்களைப் பார்த்து முகம் சுளிப்பதில்லை. அடைக்கலம் தரும், மிரட்டாத ஓர் இடமே மருந்தாகியிருக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

இதைப் படித்துவிட்டு மருந்தே வேண்டாம் என்று ஒருவர் முடிவு கட்டினால் அவருக்கு ஏர்வாடியை நினைவுபடுத்த வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. அங்குள்ள தர்காவின் அருளை நாடி வந்தவர்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். ஓட முடியாமல் கருகி 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் எந்த வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்தது. ஏர்வாடியில் இப்போது 'தவா-துவா' என்ற திட்டம் இருக்கிறது. தவா என்றால் மருந்து, துவா என்றால் பிரார்த்தனை. தர்காவுக்கு வருகிறவர் பிரார்த்தனையை விடாமலே மனநல மருத்துவரையும் பார்க்கலாம். இருபத்தெட்டு உயிரைக் கொடுத்து வாங்கிய ஞானம் அது.

சமூகமும் நம்பிக்கையும் சேர்ந்து நோயைத் தாங்கும் இன்னோர் இடம் குடிநோயாளிகளின் கூட்டம். யுங் ஒரு குடிநோயாளியிடம், மருத்துவம் உன்னைக் கைவிட்டுவிட்டது, ஆன்மீக மாற்றம் ஒன்று நேர்ந்தால்தான் உண்டு என்று சொல்லி அனுப்பிய பேச்சு, கைமாறிக் கைமாறி 1935இல் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' பிறக்க ஒரு காரணமாயிற்று. 27 ஆய்வுகளையும் 10,000க்கும் மேற்பட்டவர்களையும் தொகுத்துப் பார்த்த 2020ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் இந்த வழி மற்ற சிகிச்சைகளை விட நன்றாகவே கைகொடுக்கிறது என்று கண்டது. ஏன் என்று ஆராய்ந்தவர்கள் முதலில் காட்டுவது கூட்டத்தை: குடிக்கும் நண்பர் வட்டம் போய், குடியை விட்ட நண்பர் வட்டம் வருகிறது. நம் ஊரில் மாலை போட்டு மண்டலம் முழுக்கக் குடிக்காமல் இருந்துவிட்டு, மாலையைக் கழற்றிய மறுநாள் கடைக்குப் போகிறவரை நாம் அறிவோம். விரதத்தில் குறையில்லை; 'சாமி' என்று அழைத்த கூட்டம் அன்றோடு கலைந்துவிடுகிறது.

உளவியலால் தனியாகச் சுமக்க முடியாத, ஆன்மீகத்தாலும் தனியாகச் சுமக்க முடியாத ஒரு துயரம் இலங்கையில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் இருக்கிறது. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்திலேயே அங்கே பணியாற்றியவர். பதற்றத்தோடு வந்தவர்களுக்கு அவர் தளர்வுப் பயிற்சியை அவரவர் சமய வழக்கத்தோடே சொல்லித்தந்தார். சைவர் ஓம் என்று, கிறிஸ்தவர் இயேசு நாமத்தை, முஸ்லிம் சுபஹானல்லா என்று உச்சரித்து மூச்சை நிதானப்படுத்தினார்கள். வூஸ்டரில் இறக்கி வைக்கப்பட்டதை இவர் வேண்டுமென்றே திரும்ப எடுத்துக்கொண்டார். அந்தச் சனங்களுக்கு நாவில் பழகிய சொல்லே பற்றுக்கோல்.

ஆனால் போரில் காணாமல் ஆக்கப்பட்டோரின் வீடுகளில் அந்தச் சொல்லும் தடுமாறுகிறது. சாவு நடந்த வீட்டுக்கு எங்கள் மரபில் ஒரு பாதை போட்டு வைக்கப்பட்டிருக்கிறது. எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, ஆண்டுத் திவசம். ஒவ்வொரு படியிலும் ஊர் வந்து கூட நிற்கும், அழ இடம் கொடுக்கும், அழுதது போதும் என்றும் சொல்லும். இழப்பை உளவியல் எப்படி விளக்கினாலும், இந்த அளவுக்கு நாள் குறித்த ஒரு சிகிச்சை அதனிடம் இல்லை. பிள்ளை இறந்தான் என்ற உறுதியே இல்லாதபோது இந்தப் பாதையில் முதல் அடியைக்கூட வைக்க முடியாது. வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்த பாலின் பாஸ், முடிவு தெரியாத இந்த இழப்புக்குத் தனிப் பெயர் வைத்தார். இருக்கிறான், இல்லை என்ற இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு வாழப் பழகுவதே இதில் செய்யக்கூடியது என்றார்.

அப்படி வாழ்கிற தாய்மார் கிளிநொச்சியில் 2017இலிருந்து சாலையோரப் பந்தலில் இருந்து போராடியிருக்கிறார்கள். கையில் மகனின் படம். கந்தசாமி கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்து பந்தலில் இருப்பார்கள். கணவனைத் தேடுகிற பெண்ணின் நெற்றியில் பொட்டு இருக்கும். அதை அழிக்கச் சொல்ல ஐயருக்கும் வாய் வராது. உளவளத்துணையாளர் வந்தால் நித்திரை வருகிறதா, சாப்பிட முடிகிறதா என்று கேட்கலாம், அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருக்கலாம். வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் அந்தப் படத்தைத் தாய் தினமும் துடைக்கிறாள். பூ வைப்பதில்லை, விளக்கு ஏற்றுவதில்லை. மாலை போட்டுவிட்டால் அவன் செத்தவனாகிவிடுவான்.